பத்தாவது தலைப்பு

சில்வஸ்டர் முப்பத்தொரு வருடம் ஒரு தமிழ் நாளிதழுக்குக் குன்னூர் நிருபராக இருந்தவர். ஒருநாளும் அவர் பெயர் அச்சில் வந்ததில்லை, 'நமது நிருபர்' என்றுதான் வரும். ஓய்வு பெற்று எட்டு வருடமாகிறது. மனைவி ஞானசுந்தரி கல்லறையில், மகள் கெஸியா சேரம்பாடியில், அவர் குன்னூர் பெட்போர்டுக்குக் கீழே படியிறங்கிப் போகும் ஓட்டு வீட்டில். பேச்சுத்துணைக்கு ஒரு ரேடியோ உண்டு. அது பேசும், நாம் சொல்வதைக் கேட்காது.

போன ஜூலையில் மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், கோவை அலுவலகத்திலிருந்து ராஜப்ரியா என்ற உதவி ஆசிரியர் கூப்பிட்டாள்.

"சார், ஞாயித்துக்கிழமை பக்கத்துக்குப் பழைய தலைப்புங்க வேணுங்க. இப்பப் படிச்சா சிரிப்பு வர்ற மாதிரி ஒரு பத்து. நீங்க எல்லாத்தையும் வெட்டி ஒட்டி வெச்சிருக்கீங்கன்னு சொன்னாங்க."

"இருக்குதுங்க அம்மிணி, தாராளமா இருக்குது. எப்ப வேணுங்க?"

அவரிடம் யாராவது ஒன்று கேட்டு எத்தனை மாதமாயிற்று! போனை வைத்த கையோடு கட்டிலுக்கடியிலிருந்து தகரப்பெட்டியை இழுத்துவிட்டார்.

நோட்டுகளில் பூசணம் பிடித்திருந்தது. விஷயம் மட்டும் கெடாமல் இருந்தது. 'காட்டெருமை உலா: பொதுமக்கள் பீதி.' இதை மட்டும் அவர் நூறு தடவையாவது எழுதியிருப்பார். பக்கத்திலிருந்த படத்தில் பீதியடைந்த பொதுமக்களாக நின்றது டீக்கடை பரமசிவன். கையில் கிளாஸ், வாயெல்லாம் பல். 'பேக்கரிக்குள் புகுந்த கரடி: வர்க்கியை ருசித்தது.' ருசித்தது என்று கரடி வந்து இவரிடம் சொன்னதா? ஒரே நாளில், ஒரே பக்கத்தில், மேலே 'கடும் குளிர்: வெறிச்சோடியது உதகை', கீழே 'உறைபனியை ரசிக்கக் குவிந்தனர் பயணிகள்'. இரண்டும் இவர் கைவரிசைதான்.

எல்லாவற்றுக்கும் மகுடம் கருப்புசாமி கதை. எமரால்டு அணைப் பக்கம் லாரி கவிழ்ந்ததில் டிரைவர் இறந்துவிட்டதாக இவர் எழுத, அந்த மனுஷன் காலில் கட்டோடு வாசலில் வந்து நின்றான். "ஏனுங்க, எங்கூட்டுல எழவு விழுந்துட்டுதுன்னு சொந்தக்காரங்க எல்லாம் வந்துட்டாங்க. நீங்களே வந்து சோறு போடுங்க!" மறுநாள் வந்தது: 'நான் சாகவில்லை: லாரி டிரைவர் மறுப்பு.' அப்போதும் திருத்தம் என்று போடவில்லை. திருத்தம் போட்டால் நிருபருக்கு மானம் போச்சு என்பது அவர் கொள்கை.

சில்வஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். ஓட்டில் மழை அடிக்கும் சத்தத்தில் அது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. ஒற்றை ஆளாகச் சிரிப்பது கொஞ்ச நேரத்துக்குத்தான் முடிகிறது. நோட்டைக் காட்டி 'இதைப் பார்த்தியா' என்று சொல்ல ஆளில்லாமல் பக்கத்தைத் திருப்பினார்.

ஒன்பது தலைப்பு தேறிவிட்டது. பத்தாவதைத் தேடும்போது அது வந்தது. இரண்டே அங்குலம், ஒற்றைப் பத்திச் செய்தி. 'குன்னூரில் கல்லூரி மாணவி மாயம்: போலீசார் தேடுகின்றனர்.' மாணவி பெயர் கெஸியா. எழுதியது நமது நிருபர்.

தினம் காலையில் ஸ்டேஷனுக்குப் போய்க் காணாமல் போனவர்கள் விவரத்தைக் குறித்துக்கொள்வது அவர் வழக்கம். "எம்பொண்ணு பேரை மட்டும் விட்டுடுங்க சார், நாளைக்கு அவளுக்கு ஒரு வாழ்க்கை வேணுங்களே" என்று எத்தனையோ அப்பன்மார் கும்பிட்டிருக்கிறார்கள். "செய்தின்னா செய்திதானுங்க" என்று சொல்லிவிடுவார். யார் பெயரையும் அவர் விட்டதில்லை. அதில் ஒரு கர்வம்.

பதினாறு வருடத்துக்கு முன்னால், சேரம்பாடி எஸ்டேட்டில் கிளார்க்காக இருந்த வசந்த்குமாரோடு கெஸியா போனாள். அன்று ஊரே இவரைப் பார்த்தது. தன் வீட்டுக்கு வந்தால் என்ன செய்வான் என்று பார்த்தது. இவர் ஸ்டேஷனில் புகார் கொடுத்தார். மகளென்றும் பார்க்காமல் செய்தியையும் அனுப்பினார். நேர்மையான மனுஷன் என்றார்கள்.

நேர்மையாவது, மண்ணாங்கட்டியாவது! கெஸியா மாயமாகவே இல்லை. போகும்போது தலையணைக்கு அடியில் கடிதம் வைத்துவிட்டுத்தான் போனாள். 'அப்பா, நாங்க சேரம்பாடியில இருப்போம், கோபம் ஆறினதும் வாங்க' என்று எழுதி, விலாசமும் கொடுத்திருந்தாள். அதைப் படித்து, மடித்து, இந்த நோட்டுக்குள் வைத்துவிட்டுத்தான் 'மாயம்' என்று எழுதினார். ஞானசுந்தரியிடம்கூடக் காட்டவில்லை. மகள் எங்கே, எப்படி இருக்கிறாள் என்று அவள் விசாரித்து அறிய எட்டு மாதமாயிற்று. நாலு வருடத்தில் அவளும் போய்ச் சேர்ந்தாள். அடக்கத்தன்று கெஸியா கல்லறைத் தோட்டத்துக் கேட் அருகே வந்து நின்றாள். அப்புறம் காணோம்.

கடிதம் இன்னும் அங்கேயே இருந்தது. சில்வஸ்டர் அதை எடுத்து இன்னொரு முறை படித்தார். பிறகு ஒன்பது தலைப்பையும் நல்ல தாளில் எழுதி, பரமசிவன் படத்தையும் சேர்த்து வைத்து, பத்தாவதாக எழுதினார்:

'திருத்தம். கல்லூரி மாணவி மாயம் என்று நாம் வெளியிட்ட செய்தி பொய். அவர் இருக்குமிடம் நிருபருக்கு அன்றைக்கே தெரியும். வருந்துகிறேன். சில்வஸ்டர், குன்னூர்.'

ஞாயிறு விடியும் முன்பே பரமசிவன் கடைக்குப் போய்விட்டார். பக்கம் பிரமாதமாக வந்திருந்தது. பரமசிவன் தன் பழைய பல்லைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தான். எண்ணிப் பார்த்தால் ஒன்பதுதான் இருந்தது.

"பத்தாவதுக்குச் சிரிப்பு வரலைங்க சார், அதான் எடுத்துட்டேன்" என்றாள் ராஜப்ரியா, அவர் போன் செய்து கேட்டபோது.

"சரிதானுங்க அம்மிணி" என்றார். எத்தனை பேர் செய்தியை அவர் இரக்கமில்லாமல் போட்டிருக்கிறார். இதை மட்டும் பத்திரிகை போடவில்லை. அன்று முழுக்க அவர் அடுப்பு பற்ற வைக்கவில்லை.

திங்கட்கிழமை அந்தப் பக்கத்தை வெட்டி, கீழே பத்தாவதைத் தன் கையால் எழுதி, கடிதத்திலிருந்த விலாசத்துக்குத் தபாலில் சேர்த்தார். பதினாறு வருடத்து விலாசம். அங்கே இருக்கிறாளோ, இல்லையோ.

பதினோராம் நாள் பதில் வந்தது. கெஸியாவின் கையெழுத்து.

'சேரம்பாடியில் பரபரப்பு: பதினாறு வருடமாகத் தந்தை மாயம். வயது அறுபத்தெட்டு, மாநிறம், பிடிவாதம் அதிகம். கண்டவர்கள் வீட்டுக்கு அனுப்பி வைக்கவும்.'

அதற்குக் கீழே, சின்ன எழுத்தில்: 'அம்மா அடக்கத்தன்னிக்கு என்னைப் பாத்துட்டுத்தான் முகத்தைத் திருப்பினீங்க. அதுக்கும் ஒரு திருத்தம் வேணும். நேர்ல.'

சில்வஸ்டர் அதை ரேடியோவை நிறுத்திவிட்டுச் சத்தமாக ஒருமுறை படித்தார். மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினார். அந்தத் திருத்தத்தை எப்படி ஆரம்பிப்பது என்று கூடலூர் தாண்டியும் அவருக்குத் தெரியவில்லை.