பாறைக்குப் பின்னால் ஒரு தீக்குச்சி

கோடை மூன்று மாதமும் எனக்கு மலையில் தீ அணைக்கிற வேலை. வனத்துறையில் பயர் வாட்ச்சர் என்பார்கள், தினக்கூலிதான். பச்சைக் கிளையை ஒடித்து, எரிகிற புல்லை அடித்து அடித்து அணைக்க வேண்டும். ஐம்பதைத் தாண்டியபின் தோள்பட்டை விட்டுப்போகிறது. மனசும் சலித்துவிட்டது.

என்னை வேலைக்கு எடுத்ததே தீ வைப்பதில் நான் பழைய திருடன் என்பதால்தான். மாநில எல்லையில், சாந்திபுரம் பக்கத்தில் எங்கள் ஊர்; தமிழும் தெலுங்கும் புழங்கும். ஆடு வைத்திருப்பவர்கள் கோடையில் மலையைக் கொளுத்திவிடுவார்கள். போதைப்புல் என்கிற முரட்டுப் புல் காய்ந்துவிட்டால் ஆடு தொடாது; எரிந்த இடத்தில் முதல் தூறலுக்கே இளம்புல் வந்துவிடும். நானும் கொளுத்தியிருக்கிறேன். கல்யாணமான புதிதில் மனைவியைக் கூட்டிப்போய் ஒரு மொட்டைப் பாறையைக் காட்டி, இதற்குப் பின்னால் வைத்தால் தீ மேலேதான் ஏறும், ஊருக்குள் இறங்காது என்று ஏதோ பெரிய வித்தை மாதிரி சொல்லிக் கொடுத்தேன்.

போன கோடையில் தீ அந்தப் பாறைக்குப் பின்னாலிருந்து கிளம்பியது. அந்த வித்தை எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. காலையிலிருந்து ஐந்து பேர் அடித்தோம். முழங்கால் அளவு சருகு கிடந்த சரிவு முழுக்கச் சாம்பலாகிவிட்டது.

யார் வைத்தது என்று வனத்துறை பீட் ஆபீசர் தெலுங்கில் கேட்டார். பீடி குடித்தவன் எவனாவது இருக்கும் என்றேன். அந்தப் பொய்க்கே மூச்சு வாங்கியது.

வீட்டுக்கு வந்தால் அடுப்பில் வெந்நீர். "தண்ணி காஞ்சிக்கினு கீது. கண்ணு ரொம்ப எரியுதா?" என்றாள் மனைவி, என் முகத்தைப் பார்க்காமல். பின்னால் ஆடுகள் விலா எலும்பு தெரிய நின்றன. மகளின் காலேஜ் அந்த ஆடுகளை நம்பித்தான். நான் என்னத்தைக் கேட்பது? தலைக்கு ஊற்றிக்கொண்டு படுத்துவிட்டேன்.

நைனா, அதாவது என் அப்பா, ஆயுசு முழுக்கக் கூலி செய்து வாங்கிய அரை ஏக்கர் எங்களுடையது. அதற்கு ஒரே கிணறு. அது போனால் நாங்களும் மறுபடி கூலிக்குத்தான் போக வேண்டும். மலையில் பெய்கிற மழையை மரமும் சருகும் பிடித்துவைத்து, மெல்ல மெல்ல ஊற்றுக்கு அனுப்பும். சித்திரையிலும் தண்ணீர் நிற்கும். இதைத்தான் நான் வனத்துறைக்காக மைக் பிடித்து ஊர் ஊராகச் சொல்கிறேன், தமிழில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம். என் வீட்டில் மட்டும் சொன்னதில்லை.

தூறல் விழுந்தது, புல் வந்தது, ஆடுகள் தேறின. அப்புறம் ஒரு பெருமழை. தடுக்க ஒன்றுமில்லாத சரிவிலிருந்து மண் கரைந்து ஓடையோடு வந்து எங்கள் கிணற்றில் இறங்கியது. ஊற்றுக்கண் அடைந்துபோனது.

எட்டு நாள் இருவரும் சேறு வாரினோம். அவள் கீழே நின்று அள்ளித் தருவாள், நான் படியேறிக் கொட்டுவேன். ஒன்பதாம் நாள் சேற்றோடு ஒரு கரிக்கட்டை வந்தது. அதைச் சேறு போகத் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"எறங்காதுன்னு நீதான்யா சொன்னே" என்றாள்.

தீ இறங்காது என்றுதான் சொன்னேன். மலையே இறங்கிவரும் என்று சொல்ல எனக்கு இருபத்தைந்து வருஷம் இருந்தது. சொல்லவில்லை. கூடையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு படியேறினேன்.