மூச்சுக் காதரும் என் பொய்யும்

நான் ஒரு பொய் எழுதினேன். வேறெங்கும் அல்ல. பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியில்தான்.

நான்கு மாதத்துக்கு முன் என் கப்பல் பயணம் பற்றி எழுதியது நினைவிருக்கிறதா? சிங்கப்பூரில் இருக்கும் மகன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தது, அறுபத்தெட்டு வயதில் நான் ஸ்கூபா டைவிங் சர்டிபிகேட் வாங்கியது, கூட வந்த நண்பர் காதர் கடலுக்கடியில் பயந்துபோய் வாயில் காற்று தரும் ரெகுலேட்டரைத் துப்பிவிட்டு மேலே ஓடியது... வயிறு வலிக்கச் சிரித்ததாக எத்தனை பேர் எழுதியிருந்தீர்கள்!

பயந்தது காதர் அல்ல. நான்.

போன வாரம் தேவாரம் ரோட்டில் என் தம்பி தோட்டத்துக் கிணற்றில் கயிறு அறுந்து மோட்டார் உள்ளே போய்விட்டது. முன்பென்றால் முதல் போன் காதருக்குத்தான் போகும். அவர் ஏலக்காய் வியாபாரி. ஆனால் எங்கள் உத்தமபாளையத்தில் அவரை யாரும் ஏலக்காய்க் காதர் என்று சொன்னதில்லை. மூச்சுக் காதர். மோட்டாரோ, சாவிக்கொத்தோ, குழந்தையின் கொலுசோ, எது கிணற்றில் விழுந்தாலும் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதிப்பார். மேலே நிற்பவர்களுக்கு மூச்சு முட்டும். அவருக்கு முட்டாது.

இந்த முறை குமுளியிலிருந்து முங்கி எடுக்கிற ஆள் வரவழைத்தார்கள். காதர் இடது காதில் பஞ்சோடு கிணற்று மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "என்ன கப்பல் காதரு, எறங்கலையா? தண்ணியப் பாத்தா இன்னும் நடுக்கந்தானா?"

கூட்டம் மொத்தமும் சிரித்தது. காதரும் கொஞ்சம் சிரித்தார். அந்தப் புதுப் பெயரை ஊருக்கு எடுத்துக் கொடுத்த நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

என் மனைவி இறந்து மூன்று வருடம் ஆகிறது. அதனால்தான் இரண்டாவது டிக்கெட் காதருக்குப் போனது. கப்பலிலேயே டைவிங் கோர்ஸ் உண்டு என்று தெரிந்ததும் பெயர் கொடுக்கச் சொன்னவர் அவர்தான்.

"மாப்ள, அம்பது வருசமா தண்ணிக்கடிய பாக்குறேன். எல்லாம் மூச்சு இருக்குற மட்டுக்குந்தான். அங்கன உக்காந்து, நிதானமா மூச்சு விட்டுக்கிட்டே ஒரு தடவ பாக்கணும்டா."

அவ்வளவுதான் ஆசை. டாக்டர் எங்கள் இருவருக்கும் உடல்தகுதிச் சான்றில் கையெழுத்துப் போட்டார். பாடமெல்லாம் ஆங்கிலம். நான் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, அவர் படித்தார். "நம்மூர்ல ஃபேனுக்குத்தான் ரெகுலேட்டரு. இங்கன மூச்சுக்கேவா!" என்று அதற்கும் ஒரு சிரிப்பு. கப்பல் நீச்சல் குளத்தில் நடந்த பயிற்சியில் எல்லாம் அவருக்கு உடனே வந்தது, ஒன்றைத் தவிர. ஸ்கூபாவில் மூச்சை அடக்கவே கூடாது; அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும். அவரோ கிணற்றுப் பழக்கத்தில் அடக்கி அடக்கிப் பிடித்தார். ஆஸ்திரேலியாக்காரப் பயிற்சியாளர் பெண்மணி தலையில் அடித்துக்கொள்வார்.

கடலில் நான்கு முறை இறங்கினால்தான் சர்டிபிகேட். இரண்டு முறை நல்லபடியாக முடிந்தது. மூன்றாவது முறை, எட்டு மீட்டர் ஆழத்தில், என் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தது. சின்ன விஷயம். மூக்கால் ஊதினால் வெளியேறிவிடும். குளத்தில் பத்து முறை செய்து காட்டியவன்தான் நான். கல்லூரியில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன். காற்றழுத்தம் பற்றி வகுப்பெடுத்தே வயிறு வளர்த்தவன். எல்லாம் மறந்துபோயிற்று. என் ரெகுலேட்டரைத் துப்பினேன். பக்கத்திலிருந்த காதரின் வாயிலிருந்ததைப் பிடுங்கி என் வாயில் வைத்துக்கொண்டேன். அது போதாதென்று அவரைக் கட்டிப்பிடித்து உதைத்துக் கீழே இழுத்தேன்.

பயிற்சியாளர் அந்த நேரம் வேறொருவரின் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

காதர் என்னை உதறவில்லை. தன் காற்றை என் வாயிலிருந்து திருப்பிப் பிடுங்கவும் இல்லை. என் இடுப்பை ஒரு கையால் பிடித்து மேலே கொண்டுவந்தார். வெறும் வாயோடு. அப்போதும் மூச்சை அடக்கவில்லை. அவர் உதட்டிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வந்துகொண்டே இருந்தன — பாடத்தில் சொன்னபடியே. அந்தப் பரீட்சையில் அவர் பாஸ் செய்ததைப் பார்த்த ஒரே ஆள் நான்.

வாயில் ரெகுலேட்டர் இல்லாமல் மேலே வந்தவர் அவர். ரெகுலேட்டரோடு வந்தவன் நான். அது யாருடையது என்று யார் பார்த்தார்கள்?

கப்பலில் எங்களோடு வந்திருந்த மகனும் மருமகளும் படகின் மறுமுனையில் இருந்தார்கள். "என்ன நடந்தது என்று அவரிடம் கேளுங்கள்" என்றார் பயிற்சியாளர் என்னிடம். கேட்டேன். காதர் இருமிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி, "மாஸ்க்குல தண்ணி வந்து நீ பதறிட்ட, நான் தூக்கியாந்தேன்னு சொல்லு" என்றார்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். காதர் பயத்தில் பேனிக் ஆகிவிட்டாராம், மன்னிக்கச் சொல்கிறார் என்று.

காதரை நான்காவது முறை இறக்கவில்லை. நான் இறங்கினேன். எனக்கு சர்டிபிகேட் கார்டு வந்தது. அவருக்கு, நான் கீழே இழுத்த இழுப்பில், இடது உள்காது போனது. இனிக் கடல் என்ன, கிணற்றில்கூடத் தலை முங்கக் கூடாது என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். இதற்குப் பிறகும் அதை நகைச்சுவையாக எழுத எனக்குக் கை வந்தது பாருங்கள்!

கிணற்று மேட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்ட அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். கார்டை அவர்முன் வைத்து, படகில் நான் சொன்ன பொய்யைச் சொன்னேன்.

அவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போட்டோ நல்லா விழுந்திருக்கு."

"காதரு..."

"பேனிக்குன்னா எனக்குத் தெரியாதா மாப்ள? ஏலக்காய் ரேட்டு விழுந்தா வடக்க இருந்து வியாபாரிக போன்ல கத்துறது அதத்தான. அப்பவே வெளங்கிருச்சு."

"பிறகு ஏன்யா சும்மா இருந்த?"

"உம் மகனும் மருமகளும் பாத்துக்கிட்டு நின்னாக. அவுக முன்னாடி உன்னய என்னன்னு சொல்ல?" கார்டை என் பக்கம் தள்ளிவைத்தார். "ஊருக்கு வந்து நீயே சொல்லுவன்னு நெனச்சேன். நீ பத்திரிகையில எழுதிப்புட்ட."

உள்ளிருந்து அவர் மனைவி டீ கொண்டுவந்தார். என் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனார். எத்தனையோ வருடமாக "வாங்கண்ணே" என்று சொல்லாமல் அவர் எனக்கு டீ கொடுத்ததில்லை.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து, எல்லாவற்றையும் உரக்கச் சொன்னேன். பிடுங்கியது, உதைத்தது, பொய் சொன்னது, பொய் எழுதியது. ஒன்றையும் விடவில்லை.

கடைக்காரர் கிளாஸைக் கீழே வைத்தார். "சாருக்கு எம்புட்டுப் பெரிய மனசு பாருங்கப்பா! கூட்டாளி பேரு கெடக் கூடாதுன்னு பழிய தன் தலையில தூக்கிப் போட்டுக்கிறாக!"

"அய்யா, நான் சொல்றது நெசம்."

"தெரியும் சார், தெரியும். நீங்க அப்படித்தான் சொல்லுவீக."

எல்லோரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். அதைவிட ஒரு செருப்படி இருக்குமா? அன்று மதியம் காதரை அதே கடையில் யாரோ கேட்டிருக்கிறார்கள்: "ஒனக்காக வாத்தியாரையே பொய் சொல்ல வச்சுட்டியே, கப்பலு."

மீண்டும் காதரிடம் போனேன். பத்தியிலேயே உண்மையை எழுதிவிடட்டுமா என்று கேட்டேன். வலது காதை என் பக்கம் திருப்பிக் கேட்டார்.

"எழுது. ஆனா நம்ப மாட்டாக."

"ஏன்?"

"பொய்ய ரொம்ப நல்லா எழுதிட்ட, மாப்ள."

நான் எழுந்து வந்தபோது அவர் வாசல்வரை வரவில்லை.

ஆகவே, இந்த வாரம் யாரும் பாராட்டிக் கடிதம் எழுத வேண்டாம். உத்தமபாளையம் பக்கம் போனால், டீக்கடையில் அவரைப் பார்த்தால், மூச்சுக் காதர் என்று கூப்பிடுங்கள். நாலு பேர் காதில் விழுகிற மாதிரி கூப்பிடுங்கள்.

வலது பக்கம் நின்று கூப்பிடுங்கள்.