மலைக்கு நேரே செருப்பு

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் ஹாலைப் பார்ப்பார்கள், ஷோகேஸைப் பார்ப்பார்கள். மணிவேல் சுவிட்ச் போர்டைப் பார்ப்பான். போர்டின் மூடியைக் கழற்றினால் அந்த வீட்டு யோக்கியதை மொத்தமும் தெரிந்துவிடும் என்பது அவன் கட்சி. திருவண்ணாமலையில் ஒரு பெரிய கடைக்காக வீடு வீடாக டிவி மாட்டுகிறவன். பதினாறு வருஷமாக இதே வேலை. கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயக் குடும்பம். நாற்பதைத் தாண்டியதும் தலை பாதி நரைத்துவிட்டது. அது வயசால் வந்த நரை இல்லை, வயரிங்கால் வந்தது என்று மனைவி அருணாதேவி கேலி செய்வாள்.

அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. வேங்கிக்காலில் புதுசாக எழும்புகிற வீடுகளில் வாசல் கதவுக்குத் தேக்கு தேடுவார்கள். சுவருக்குள் போகிற ஒயர் மட்டும் மட்டமானதாக இருக்கும். யார் பார்க்கப் போகிறார்கள்! ஒயர் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும் என்பது வழக்கம். அதை நம்பி டிரில்லிங் மிஷினை வைத்தால் குறுக்கே ஓடுகிற குழாயில் போய் இடிக்கும். பைப் மிச்சம் பண்ணின புண்ணியவானை அன்றைக்கு முழுக்க மணிவேல் மனசுக்குள் திட்டிக்கொண்டிருப்பான். ரமணாசிரமம் பக்கம் வேறு கூத்து. தியானத்துக்கென்று வருகிறவர்களுக்கு விடும் அறையில் ஐம்பது அங்குல டிவியை மாட்டச் சொல்வார்கள். ஒரே பிளக்கில் ஏசி, கெட்டில், டிவி மூன்றையும் சொருகிவிட்டு, “பிளக் ஏன்ப்பா சுடுது?” என்று அவனையே கேட்பார்கள்.

ஆனால் அவன் உண்மையாகவே பயப்படுவது ஒன்றே ஒன்றுக்குத்தான். மூன்று முள் பிளக்கில் தடியாக ஒரு முள் இருக்கிறதே, எர்த், அதற்கு ஒரே வேலை. எங்காவது கரண்ட் கசிந்தால் அதை மண்ணுக்குள் அனுப்பிவிட வேண்டும். அதற்காகக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, கம்பி புதைத்து, வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பல்பட்டவர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். போர்டுக்குள்ளேயே, கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் ஓட்டையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு துண்டுக் கம்பியை எடுத்து எர்த் ஓட்டையில் முறுக்கிவிடுவார்கள். மெயினில் இரண்டு கம்பியும் அதனதன் இடத்தில் இருக்கும்வரை ஒரு வம்பும் இல்லை. என்றைக்காவது இடம் மாறிவிட்டால், காப்பாற்ற வேண்டிய அந்த முள்ளே கரண்டை டிவியின் உடம்புக்குள் விட்டுவிடும்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி, தசரதனின் வீடு. முன்பக்கம் டீக்கடை. உள்ளே மூன்று அறைகளைப் பௌர்ணமிக்கு வருகிறவர்களுக்கு விடுவார். மகன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலையில் இருந்தான். வீட்டில் தசரதன், அவர் மனைவி காசியம்மாள், மருமகள் வள்ளி, இந்த மூன்று பேர்தான். தை மாசம் அங்கே பெரிய டிவி ஒன்றை மாட்டினான் மணிவேல். போர்டைக் கழற்றாமல் டெஸ்டரை மட்டும் வைத்துப் பார்த்தான், எல்லாம் ஒழுங்காக இருந்தது. செல்போனில், கடைக்கு அனுப்புகிற படிவத்தில் ‘எர்த் சரி’ என்ற கட்டத்தைத் தட்டிவிட்டு வள்ளி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தான். அந்தக் கட்டத்தைத் தட்டிய விரல் இன்றைக்கும் அவனுக்கு உறுத்துகிறது.

மாசி பௌர்ணமிக்கு மறுநாள் காலை அதே வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். படத்தில் கோடு ஓடுகிறதாம். போய் டிவியின் பின்பக்கம் கையை வைத்தான். தோள்வரை ஒரு உதறு உதறியது. கரண்ட் இருந்தால் எரிகிற டெஸ்டரை எடுத்தான். டிவி ஆணியில் எரிந்தது. செட்டாப் பாக்ஸில் எரிந்தது. கேபிளைப் பிடித்துக்கொண்டே மாடி ஏறினால் டிஷ்ஷிலும் எரிந்தது. டிஷ் நிற்கிற இரும்புக் கம்பத்திலிருந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம்வரை இழுத்துக் கட்டிய துணிக்கொடி, அதுவும் இரும்புக் கம்பி, அதிலும் டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. அந்தக் கம்பியில் வள்ளி ஈர பெட்ஷீட் போட்டுக்கொண்டிருந்தாள்.

“கைய எடும்மா!” என்று கத்தினான்.

அவள் மிரண்டு விலகினாள். “காலையிலேர்ந்து சுர்ரு சுர்ருனு இருக்குதுங்கண்ணா. ராத்திரி முழுக்க வேல, அதான் கை மரத்துப்போச்சுனு நெனச்சேன்.”

மாடித் தரை காய்ந்து கிடந்ததால் சுர்ரோடு போயிற்று. பெட்ஷீட்டிலிருந்து சொட்டிய தண்ணீர் அவள் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளித் தேங்கியிருந்தது. மணிவேல் ஓடிப்போய் மெயினை அணைத்தான்.

சங்கதி இதுதான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி டீக்கடைக்கும் பந்தலுக்கும் வீட்டு மெயினிலிருந்து லைன் இழுப்பார்கள். கூட்டம் கலைந்ததும் அதைப் பிரித்துப் பழையபடி கட்டுவார்கள். பழையபடி என்றால் விளக்கு எரிய வேண்டும், அவ்வளவுதான். எந்தக் கம்பி எந்தப் பக்கம் என்பதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. இடம் மாறிக் கட்டினாலும் விளக்கு எரிந்து தொலைக்கிறதே! இதைச் செய்கிறவன் வல்லரசு, தசரதனின் மாப்பிள்ளை. வீட்டு வயரிங்கும், போர்டுக்குள் இருந்த அந்தத் துண்டுக் கம்பியும் அவன் கைவேலைதான்.

மணிவேல் தசரதனிடம் போய் விஷயத்தைச் சொன்னான். அவன் சொன்னதில் ‘கரண்ட்’ என்பது தசரதன் காதில் விழவில்லை, ‘தப்பு’ என்பது மட்டும் விழுந்தது.

“மாப்ள செஞ்ச வேலைங்க அது.”

“யார் செஞ்சா இன்னாங்க, உயிர் போயிடும்.”

“எட்டு வருஷமா போவாத உயிரு நீ டிவி மாட்டினப்புறம்தான் போவுமா? அப்ப உன் டிவிலதான் கோளாறு.” அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டார். “பொண்ணக் குடுத்த எடம்ப்பா. நீ செஞ்ச வயரிங் சரியில்லனு அவர்ட்ட நான் போய்ச் சொன்னா, அது எங்க போய் முடியும் சொல்லு?”

 கெட்ட மனுஷர் இல்லை அவர். டீக்கடையில் ஈ விழுந்த டீயை மாற்றிக் கொடுக்கிறவர். மணிவேல் மெயினில் கம்பிகளை மாற்றிக் கட்டிவிட்டு, வள்ளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போர்டைத் திறந்து அந்த விரல் நீளக் கம்பியையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். அன்றைக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

பங்குனி பௌர்ணமிக்கு வந்த வல்லரசு அதைக் கண்டுபிடித்துவிட்டான். துண்டுக் கம்பியைத் திரும்பச் சொருகினான். அதோடு விட்டானா? கடைக்கே போய், டிவி மாட்ட வந்தவன் வீட்டு வயரிங்கைக் கலைத்துவிட்டான் என்று கூச்சல் போட்டான். மேனேஜர் மணிவேலைக் கூப்பிட்டு, இனி எந்த வீட்டு வயரிங்கிலும் கை வைக்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார். “நீ சொல்றது சரிதான் மணி. ஆனா நாளைக்கு அந்த வீட்ல ஏதாச்சும் ஆனா, கடைசியா கை வெச்சவன் நீதான்” என்றார். மின்சார ஆபீஸில் போய்ச் சொன்னான். மீட்டர் வரைக்கும்தான் எங்களுடையது என்றார்கள். கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடுகிற டிரிப்பர் ஒன்று போடுங்கள் என்று தசரதனிடம் கெஞ்சினான். மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். வள்ளியின் புருஷனுக்குப் போன் போட்டான். “அப்பாவ மீறி நான் இன்னாண்ணா பேசறது?” என்றான் அவன்.

ஒரு கம்பியைப் பிடுங்க அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷ வேலைக்கு ஊரில் இத்தனை பேரிடம் போய் நின்றும் ஆகவில்லையே என்று அவனுக்கு அழுகை வராத குறை.

வயரிங்கில் கை வைக்கக்கூடாது, சரி. துணிக்கொடி வயரிங் இல்லையே! சித்திரையில் நைலான் கயிறு வாங்கிக்கொண்டு போய், இரும்புக் கம்பியை அவிழ்த்துவிட்டு அதைக் கட்டிக் கொடுத்தான். அது ஒரு மாசம்கூடத் தாங்கவில்லை. மூன்று அறைக்கும் சேர்த்துப் பதினெட்டு ஈர பெட்ஷீட். பாரம் தாங்காமல் கயிறு தொய்ந்து, வெளுத்ததெல்லாம் தரையில் புரண்டது. காசியம்மாள் கயிற்றைச் சுருட்டிப் போட்டுவிட்டுப் பழைய கம்பியையே கட்டச் சொல்லிவிட்டாள். கிரிவலப் பாதையில் வண்டியில் போன மணிவேல் அண்ணாந்து பார்த்தான். பெட்ஷீட்டுகள் துளி தொய்வில்லாமல் விறைப்பாகத் தொங்கின. அவனுக்குப் புரிந்துவிட்டது.

கடைசியாக அவன் கையில் மிஞ்சியது செருப்பு. “ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு ஏறும்மா. துணி போடறதுக்கு முன்னாடி, எடுக்கறப்ப, எப்பவும்” என்று வள்ளியிடம் சொன்னான்.

“அத்தை வுட மாட்டாங்கண்ணா” என்றாள் அவள். மாடியில் நின்றால் நேர் எதிரே மலை. காசியம்மாளுக்கு அது மலை இல்லை, சாமி. அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட அவள் செருப்புக் காலோடு மாடி ஏறியதில்லை, யாரையும் ஏற விட்டதுமில்லை. மலைக்கு நேரே செருப்புக் காலோடு நிற்கிறவள் வீடு விளங்குமா என்பாள்.

வள்ளி ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டாள். மேலே போய் மாட்டிக்கொள்வாள், கீழே இறங்குமுன் கழற்றி வைப்பாள். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மறுநாள் காலையில் மணிவேல் எந்த வீட்டில் எந்தச் சுவரின் எதிரே நின்றாலும் அவளுக்கு ஒரு போன் போடுவான்.

“செருப்பு போட்டியாம்மா?”

“போட்டுட்டேண்ணா.”

அவ்வளவுதான் பேச்சு. பதினாறு வருஷ அனுபவம், ஒரு பை நிறைய சாமான், கடைசியில் அவனால் முடிந்தது இந்த ஒரு கேள்விதான். அதை நினைத்தால் அவனுக்கே வெட்கமாக இருக்கும்.

ஆனி பௌர்ணமிக்கு மறுநாள் வேங்கிக்காலில் ஒரு புது வீட்டில் ஸ்டாண்டு மாட்டிக்கொண்டிருந்தான். மணி எட்டானதும் ஏணியில் நின்றபடியே போன் போட்டான்.

“செருப்பு போட்டியாம்மா?”

“இன்னிக்கி நான் ஏறலைங்கண்ணா. ராத்திரி பூரா தோசக்கல்லு முன்னாடி நின்னு இடுப்பு புடிச்சிக்கிச்சு.” அவள் குரலுக்குப் பின்னால் அவன் மாட்டிய டிவியில் பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. “அத்தையே வாளியத் தூக்கிட்டுப் போயிருக்காங்க.”

 வெறுங்கால். காலையில் ஒரு தூறல் வேறு போட்டிருந்தது.

“மெயின ஆஃப் பண்ணு! ஓடு! மாடிக்கு ஓடாத, மெயினுக்கு ஓடு!”

போனை எங்கோ போட்டுவிட்டு ஓடினாள் போலிருக்கிறது. டக்கென்று ஒரு சத்தம், அப்புறம் பாட்டு மட்டும். அந்தப் பாட்டு நிற்க வேண்டும் என்று மணிவேல் எல்லாச் சாமியையும் கும்பிட்டான். வீட்டுக்காரர் கீழிருந்து, “இன்னாப்பா ஆச்சு?” என்றார். அவன் கையை மட்டும் காட்டினான். ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கியது. அப்புறம் பாட்டு பாதியில் அறுந்தது.

வெகுநேரம் கழித்து வள்ளி போனை எடுத்தாள். மூச்சு வாங்கியது.

“எறங்கி வந்துட்டாங்கண்ணா. வலது கைய மட்டும் தூக்க முடியல. பெட்ஷீட்டப் போடறப்ப சுருக்குனு இழுத்து தூக்கிப் போட்டுச்சாம். வாளியோட வுழுந்திருக்காங்க.”

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போம்மா.”

பக்கத்திலிருந்து காசியம்மாளின் குரல் கேட்டது. “வாயுப் புடிப்புடி. நல்லெண்ண தேய்ச்சா போயிடும். எவடி கரண்ட்ட நிறுத்துனது? ரூம்ல ஆளுங்க ஃபேன் இல்லாம கத்தறாங்க பாரு.”

“அத்த, கம்பியில கரண்ட்டு...”

“மலைக்கு நேரா செருப்பு போட்டுக்கிட்டு நின்னது யாரு? தொட்டிக்குப் பின்னாடி பாத்தேன்டி. அதான் எனக்கு இப்படி இழுக்குது.”

வள்ளியின் விசும்பல் கேட்டது. அறைக் கதவுகள் தட்டப்படுகிற சத்தமும், “கரண்ட் எப்பங்க வரும்?” என்று யாரோ கேட்கிற சத்தமும் கேட்டன.

“செருப்ப ரோட்டுல வீசிட்டாங்கண்ணா” என்றாள். “பாதித் துணி இன்னும் வாளியிலேயே கெடக்குது. காய்லனா அடுத்த ஆளுங்களுக்கு இல்ல. மெயின போட்டுடட்டுங்களாண்ணா?”

போடாதே என்று சொல்லலாம். எத்தனை நாளைக்கு? போடு என்று எந்த வாயால் சொல்வது? கையில் ஸ்குரூடிரைவரோடு மணிவேல் சுவரைப் பார்த்தபடி நின்றான்.

“அண்ணா? இருக்கீங்களா?”

அவன் வாயைத் திறப்பதற்குள், அந்தப் பக்கம் யாரோ மெயினைப் போட, அறுந்த பாட்டு போனுக்குள் திரும்பவும் ஆரம்பித்தது.