சாப்பாடு இங்கே, படுக்கை அங்கே

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தாராவி ரூமில் ஊர்க்காரர்கள் கூடினார்கள். அண்ணன் செத்து ஒரு மாசம்தான் ஆகிறது. அவன் சட்டை இன்னும் ஆணியில் தொங்குகிறது... எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

எதற்குக் கூடினார்கள்? இருப்பது ஒரே ரூம். அதில் நான், மதினி, அவள் மகள். கல்யாணமாகாத கொழுந்தனும் புருஷன் போன மதினியும் ஒரே ரூமில் படுத்தால் ஊர் சும்மா இருக்குமா? அண்ணன் இருந்தவரை இந்தக் கேள்வியே இல்லை. நான் கதவோரம் சுருண்டுகொள்வேன்.

ரூமைக் கைமாற்றினால் பகடி என்று ஒரு மொத்தப் பணம் கிடைக்கும், அதோடு மதினியை ஊருக்கு அனுப்பு என்றார் சண்முகம் மாமா. அங்கே வாடகை கிடையாது, பிள்ளை வளர்ந்துவிடும் என்றார். தப்பில்லை. அவர் குடும்பமும் ஊரில்தான். தாராவியில் பாதிப் பேர் அப்படித்தான் — அப்பா இங்கே, பிள்ளைகள் அங்கே.

இன்னொரு ரூம் எடுக்கலாமே? செம்பூரில் கேட்டேன். அங்கேயும் உள்ளே நுழையவே மொத்தமாகப் பகடி கேட்டார்கள். வசதிக்காரர்கள் இருக்கும் மாட்டுங்காவில் கேட்கவில்லை... அந்த அளவுக்கு எனக்கு இன்னும் பைத்தியம் பிடிக்கவில்லை.

மதினி அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள்.

"ஊர்ல வீடு சும்மாதான் கெடைக்கும், மாமா. ஆனா அங்க எம்மவளுக்கு அப்பன முழுங்குனவன்னு பேரு வச்சிருவாக. இங்க அவ ஒண்ணாங்கிளாஸ் பிள்ள, அவ்வளவுதான். நாங்க போகல."

"அப்போ இவன்?" மாமா என்னைக் காட்டினார்.

"தம்பி இங்க சாப்பிடட்டும். படுக்க மட்டும் வேற எடம் பாத்துக்கிடட்டும். பம்பாய்ல ஆம்பளைக்குப் படுக்க எடமா இல்ல?"

"ஏல, உன் ரூம் போச்சுல," என்றார் மாமா. அண்ணன் போனபிறகு அந்த ரூமில் அன்றைக்குத்தான் சிரிப்புச் சத்தம் கேட்டது.

இப்போது நான் வேலை பார்க்கும் காரகானாவிலேயே, லேத் மெஷின் பக்கத்தில் படுக்கிறேன். வாட்ச்மேன் சம்பளம் மிச்சம் என்று சேட்டுக்கு ஏக சந்தோஷம். எங்கள் காரகானா ஆட்களுக்கு மதினி காசுக்குச் சாப்பாடு கட்டுகிறாள். வாடகை அதில் ஓடிவிடும்.

பிள்ளையை எங்கே வளர்ப்பது என்று அப்பா அம்மாதான் முடிவு செய்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். பெரும்பாலும் வாடகைதான் முடிவு செய்கிறது. மதினி அதனிடம் முடியாது என்று சொல்லிவிட்டாள்.

நேற்று ஸ்கூலில் டீச்சர், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாராம். அண்ணன் மகள் சொல்லியிருக்கிறாள்: "நாலு பேரு டீச்சர். அப்பா போட்டோவுல இருக்காரு. சித்தப்பா காரகானாவுல இருக்காரு."

பாருங்கள்... அவள் யாரையும் ஊருக்கு அனுப்பவில்லை.