நாற்காலிக்கு ஆசைப்பட்ட விண்ணப்பம்

அண்ணன் மகள் சிங்கப்பூரில் தாதிப் பயிற்சிக்கு மனுப்போடுகிறாள். தன் திறமைகள் என்ன, என்னவாக விருப்பம் என்று ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். மூன்று நாளாக எழுதிக் கிழிக்கிறாள். பென்சில் சீவும்போது விரலை வெட்டிக்கொண்டு டிஞ்சர் வேறு போட்டிருந்தாள். அந்த நெடி போதும், நான் நினைவில் மலாயாவின் பாலோ ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

யுத்தத்துக்கு முந்தைய முப்பதுகள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் பத்துக் கட்டில், ஒரே ஒரு டிரஸர். ஊசி, மருந்து, கட்டு எல்லாம் அவர்தான். பிரசவம் பார்க்க ஒரு பெண் வேண்டும் என்றார்கள். நான் நாலாம் வகுப்பு படித்துவிட்டு, பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். முந்தின மழைக்காலத்தில்தான் பக்கத்து வீட்டு அஞ்சலை பிரசவத்திலேயே போய்விட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் நின்றவள் நான்.

தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை தமிழ்ப் பரீட்சை எழுதியவர். என்ன தெரியும், என்ன ஆசை என்று சொந்தக் கையால் எழுதித் தரச் சொன்னார். ரத்தம் பார்த்தால் மயக்கம் வராது, காலில் ஒட்டிய அட்டையைப் பிடுங்குவேன், அழுகிற பிள்ளையை அசையாமல் பிடிப்பேன் என்று எழுதினேன். பாடவும் வரும், ஆனால் நோயாளிக்கு அது ஆகாது என்றும் சேர்த்தேன். சிரிக்காதீர்கள், உண்மையைத்தானே எழுத வேண்டும்? கடைசியில், டிரஸர் நாற்காலியில் ஒருநாள் உட்கார ஆசை என்று முடித்தேன்.

டிரஸர் படித்துவிட்டு முகம் கறுத்தார். "கடைசி வரிய அடிச்சிரு புள்ள. என் வேலைக்கே கண்ணு வெக்கிறியா?"

"ஆசைய கேட்டாங்க, எழுதினேன்" என்றேன். அந்த வரியை அடிக்காமலே துரையிடம் கொடுத்தேன்.

துரை விரல் வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். கடைசி வரி வந்ததும் டிரஸரை நிமிர்ந்து பார்த்தார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

டிரஸர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "நான் வேற தோட்டத்துக்குப் போன அன்னிக்குத்தான் அஞ்சலை செத்துச்சுங்க தொரை. இந்தப் புள்ள இருக்கட்டும்."

மறுநாளே வேலைக்குச் சேர்ந்தேன். பெண்ணுக்கு அந்த நாற்காலியைத் தரமாட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் அவர் வெளியூர் போகிற நாட்களில் மருந்து அலமாரிச் சாவி என் இடுப்பில்தான் இருக்கும்.

இப்போது தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். ரப்பர் போய், எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்டது. ஆஸ்பத்திரி இருந்த பக்கம் லாரி போகிற செம்மண் பாதை. என் கையில் பிறந்தவர்களின் பிறப்புப் பத்திரத்தில் அந்தத் தோட்டத்தின் பெயர் இன்னும் இருக்கிறது. அவர்கள் வந்து, எந்த இடம் என்று கேட்டால், என்னாலேயே காட்ட முடிவதில்லை.