இரும்புப் பாலத்தின் அடியில்

என் கணவருக்குப் பாலம் என்றால் ஒரு கிறுக்கு. போருக்கு முன்பு பொதுப்பணி இலாகாவில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் என்னைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து, மலாயாவில் நாங்கள் இருந்த குளுவாங்கைச் சுற்றியிருந்த சின்ன ஊர்களுக்கெல்லாம் கூட்டிப் போவார். பழைய கடைவரிசை, ரயில் நிலையம், ஓடைமேல் கட்டிய செங்கல் வளைவு, எதைக் கண்டாலும் இறங்கிவிடுவார். நான் நிழல் பார்த்து உட்கார்ந்துகொள்வேன்.

ஜப்பான்காரன் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மெர்சிங் சாலையில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்த என் அக்காவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. போய்ப் பார்த்துவிடலாம் என்று ஒருநாள் காலையில் கிளம்பினோம்.

வழியில் சீனர்கள் கடை வைத்திருந்த ஒரு சின்ன ஊர். முன்பு அங்கே காப்பி குடித்திருக்கிறோம். அன்று நடுப்பகலில் ஓர் ஆளைக் காணோம். கடைகளின் பலகைக் கதவுகள் பாதி திறந்து கிடந்தன. காப்பிக்கடை மேசையில் கோப்பைகள் அப்படியே இருந்தன; உள்ளே எறும்பு மொய்த்திருந்தது. ஒரு வீட்டுக் கொடியில் குழந்தைத் துணிகள் வெயிலில் விறைத்துத் தொங்கின. கோழிச் சத்தம்கூட இல்லை.

“எல்லாரும் காட்டுக்குள்ள ஓடியிருப்பாங்க” என்றார் அவர்.

“சட்டி அடுப்புலயே இருக்குங்க. ஓடுறவங்க சட்டிய விட்டுட்டா ஓடுவாங்க? வாங்க, போயிடலாம்.”

ஊர் முடியும் இடத்தில் ஆறு, அதன்மேல் இரும்புப் பாலம். வெள்ளைக்காரப் படை பின்வாங்கும்போது நடுப்பகுதியை வெடி வைத்துத் தகர்த்திருந்தது. இடைவெளியில் ஜப்பானியர்கள் மரங்களைப் போட்டிருந்தார்கள். அவர் சைக்கிளை நிறுத்தினார். நான் தடுப்பதற்குள் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து அடியில் எட்டிப் பார்த்தார். தூண் எப்படி நிற்கிறது என்று பார்த்திருப்பார். அவ்வளவுதான்.

கத்தல் கேட்டது. காவல் குடிசையிலிருந்து ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு ஓடிவந்தான். நாங்கள் குனிந்து வணங்குவதற்குள் அவர் கன்னத்தில் அறை விழுந்தது. என்ன பார்க்கிறாய், யார் அனுப்பியது என்று அரைகுறை மலாயில் உறுமினான்.

பாலத்தைப் பார்த்தேன் என்று சொன்னால் உளவாளி என்று தலையை எடுத்துவிடுவான். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றபடி, மாதா கோயிலில் மாற்றிய மோதிரத்தைக் கழற்றிக் கம்பி இடுக்கில் நழுவவிட்டேன்.

“சின்சின் ஜாத்தோ, துவான்! மோதிரம் விழுந்துருச்சு!” என்று இரண்டு பாஷையிலும் அழுது, வெறும் விரலை நீட்டினேன். மோதிரத் தடம் வெளிறித் தெரிந்தது.

சிப்பாய் அந்தத் தடத்தையே பார்த்தான். பிறகு துப்பாக்கி முனையால் ஆற்றைக் காட்டினான். இறங்கித் தேடச் சொல்கிறான்.

அவர் சரிவில் இறங்கிப் பாலத்துக்கு அடியில் மறைந்தார். தண்ணீர் கலங்கும் ஓசை கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

“என்னங்க?”

 சிப்பாய் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டான். அவர் மேலே ஏறி வந்தபோது இடுப்புவரை சேறு. முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். சிப்பாய் சிரித்துவிட்டு, வந்த வழியே எங்களை விரட்டினான்.

அந்த ஊர் வழியாகத்தான் திரும்ப வேண்டியிருந்தது. அவர் எந்தப் பக்கமும் பார்க்காமல் மிதித்தார். ஊரைத் தாண்டி, ரப்பர் மரங்களுக்குள் சைக்கிளைப் போட்டுவிட்டு வாந்தி எடுத்தார்.

“அவங்க எங்கயும் ஓடல” என்றார். “எல்லாரும் அங்கதான் கிடக்குறாங்க. கையக் கம்பியால கட்டியிருக்கு. காப்பிக்கடைக்காரரையும் பாத்தேன்.”

பிள்ளைகள் இருந்தார்களா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

அக்கா உயிரோடு இருந்தது ஜப்பான்காரன் போன பிறகுதான் தெரிந்தது. அவரை இலாகாவில் மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள். அதே ஆற்றில் புதுப் பாலம் கட்டப் பேச்சு வந்தபோது, முதலில் அடியில் இருப்பவர்களை எடுத்தாக வேண்டும் என்று வெள்ளைக்கார அதிகாரியிடம் போய் நின்றார். எடுத்தார்கள். நானும் போயிருந்தேன். குளுவாங்கிலிருந்து வந்த அவர்களுடைய சொந்தக்காரர்கள் எலும்புகளை எடுத்துவைக்கக் கரையில் பாய் விரித்தார்கள். கொண்டுவந்த பாய்கள் போதாமல், ஒருவர் மறுபடியும் டவுனுக்குப் போய்வர வேண்டியிருந்தது.