மூதூர் லோஞ்சில் வந்தவர்

மூதூரிலிருந்து கடல் கடந்து லோஞ்சில் வருபவர் என்றுதான் எங்கள் கிளினிக்கில் அவரைச் சொல்வோம். இடுப்பில் வெள்ளைச் சாரம், தொப்பி, நரைத்த தாடி, கையில் ஒரு துணிப்பை. அதற்குள், ரியூப் வழியாக வரும் சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை இருந்தது. உயர்த்தினால் சிறுநீர் திரும்பி ஏறிவிடும் என்று நர்ஸான நான் ஒருமுறை சொன்னதிலிருந்து, அதை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் பிடிப்பார்.

புரொஸ்டேட் வீங்கி, சிறுநீர் அடைத்துப்போய் வந்தவர் அவர். ஒப்பரேசனுக்குக் கொழும்புக்குப் போகச் சொன்னார் டொக்டர்.

“இந்தச் சண்டைக்குள்ள கொழும்புக்குப் போக ஏலா மிஸ்ஸி. வேற வழி இல்லையா?” என்று என்னிடம் கேட்டார்.

“குளிசை மருந்து இருக்கு நானா,” என்றேன்; முஸ்லிம் பெரியவர்களை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். “உடன கேக்காது, மாசக்கணக்கில போடவேணும். அதுவரைக்கும் ரியூப்போடதான் இருக்கவேணும்.”

“வெட்டாமச் சுகம் வந்தாப் போதும்,” என்றார்.

மூதூரில் லீவு முடிந்து ஒரு காலை நானும் அதே லோஞ்சில் வந்தேன். இறங்குதுறைச் சோதனையில், அவருடைய சாரத்துக்குள் போகும் குழாயை ஒரு ஆமிக்காரன் கண்டுவிட்டான். குண்டு வயர் என்று நினைத்துத் துவக்கை நீட்டினான். பெண்கள் வரிசையிலிருந்து, தெரிந்த சிங்களத்தில் கத்திக்கொண்டு ஓடினேன். அதற்குள் அவர் அத்தனை பேருக்கும் முன்னால் சாரத்தை உயர்த்திவிட்டார். ஊர்ச்சனம் நிலத்தைப் பார்த்தது.

ஆஸ்பத்திரி வாசல்வரை துணிப்பையைத் தாழப் பிடித்தபடி நடந்தார். பிறகு கேட்டார்: “மிஸ்ஸி, நீங்க பார்க்கல்லதானே?”

“இல்லை நானா.”

ரியூப் மாற்றும்போதெல்லாம் பக்கத்தில் நின்றவள் நான். அப்போது ஒருநாளும் அவர் என்னிடம் கூசியதில்லை.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. பிறகும் வரவில்லை. குளிசை கேட்டுச் சுகம் வந்ததா, வெட்கம் தடுத்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.